நடவுக் காலத்துச் சமையற்கட்டு

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்குமான பயிற்சிக் கூட்டம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் சாலைக்கும், குடிநீருக்கும், தெருவிளக்குக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சமையற்கட்டுக்கு ஒதுக்கப்படவில்லை. அது வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியமாயிற்றே, ஊராட்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம் இட்டோம், உழவுக்கு என்ன கூலி கொடுத்தோம் என்று கேட்டால் இங்குள்ள எவரும் விரல் நுனியில் கணக்கு வைத்திருப்பீர்கள். சென்ற மாதம் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்ன செலவாயிற்று என்று கேட்டால் பதில் சொல்வோர் மிகச் சிலரே. கழனியில் ஈட்டிய பணம் எந்த வழியாக வெளியே போகிறது என்று தெரியாமல் விளைச்சலை மட்டும் பெருக்கி என்ன பயன்?

மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2022-23-ஆம் ஆண்டில் குடும்பச் செலவுகளைப் பற்றி நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தியது. கிராமத்து வீடுகளில் 100 ரூபாய் செலவானால் அதில் ஏறத்தாழ 46 ரூபாய் உணவுக்குப் போகிறது என்பது அதன் முடிவு. இதில் வியப்பில்லை. அந்த 46 ரூபாயைப் பிரித்துப் பார்த்தால்தான் வியப்பு வருகிறது. அரிசி, கோதுமை முதலான தானியங்களுக்கு 5 ரூபாய்கூட ஆகவில்லை. தேநீர் போன்ற பானங்கள், கடைச் சிற்றுண்டி, பொட்டலத்தில் அடைத்த தின்பண்டங்கள் ஆகியவற்றுக்கு ஒன்பதரை ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கிறது. 1999-2000-ஆம் ஆண்டில் தானியத்துக்கு மட்டும் 22 ரூபாய் சென்றது. அந்நாளில் சோறே செலவு. இந்நாளில் சோற்றைச் சுற்றியுள்ளவையே செலவு. நம் மாநிலத்தில் 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைப்பதால், இங்கே அரிசியில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண் முயற்சி. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு.

அந்த இடம் எது என்பதை நடவு வாரத்தில் ஒரு வீட்டைப் பார்த்தால் அறியலாம். வீட்டுத் தலைவி விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிறார். சாணம் அள்ளி, வாசல் தெளித்து, பாலைக் கறந்து சங்கத்துக்கு அனுப்பி, பிள்ளைகளைக் கிளப்பி, எட்டு மணிக்குள் நடவு ஆட்களோடு வரப்பில் நின்றாக வேண்டும். தாமதமானால் கூலி போகும். சொந்த நடவானால் ஆட்கள் காத்திருப்பார்கள். இந்த நெருக்கடியில்தான் பொட்டல மாவும், கடைப் பரோட்டாவும், பிள்ளைகள் கையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலமும் வீட்டுக்குள் நுழைகின்றன. சோம்பலால் அவை நுழைவதில்லை, நேரமின்மையால் நுழைகின்றன. ஆகவே, “சிக்கனமாக இருங்கள்” என்று இந்தத் தாய்மார்களுக்கு உபதேசம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. நேரத்தை எங்கிருந்து எடுத்துத் தரலாம் என்பதே நம் கேள்வி.

முதலில், வரப்பிலும் கடைத்தெருவிலும் ஆகும் செலவைச் சொல்லிவிடுவோம். கணவனும் மனைவியும் நாளொன்றுக்கு இரண்டு வேளை கடைத் தேநீர் அருந்துவதாகவும், கோப்பை 12 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நாளைக்கு 48 ரூபாய். ஆளுக்கொரு வடை 10 ரூபாய் வீதம் சேர்த்தால் 68 ரூபாய். மாதத்தில் 26 நாள் வேலை என்றால் 1,768 ரூபாய். இருவரும் தேநீரை விட வேண்டும் என்று நாம் கூறவில்லை. வெயிலில் குனிந்து நடுபவருக்கு அது ஒரு தெம்பு. ஆனால் ஒரு தூக்குவாளித் தேநீரை வீட்டிலிருந்து கொண்டுபோனால் அந்தத் தொகையில் பாதிக்கு மேல் மிஞ்சும். ஒரு வடை விலைக்கு ஒரு முட்டை வாங்கலாம் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். மாலையில் ஆடவர் தனியே சென்று வரும் வேறொரு கடையின் செலவை இக்கணக்கில் நாம் சேர்க்கவில்லை. சேர்த்தால் இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடக்கூடும்.

இனி நேரத்துக்கு வருவோம். நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்து வைத்து ஐப்பசியில் எடுத்து உண்ணத் தெரிந்த நாம், உழைப்பையும் அவ்வாறு சேர்த்து வைக்க முடியும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்த அளவுக்கு அறிந்திருக்கவில்லை. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் கழனி வேலை குறைவு, வெயிலுக்குக் குறைவில்லை. புரட்டாசி, ஐப்பசியிலோ வேலை மிகுதி, வெயில் இல்லை. கோடையில் செலவிட்ட ஒரு நாள், நடவுக் காலத்தில் பத்துக் காலைப் பொழுதுகளை மீட்டுத் தரும். கொத்தவரை வற்றலும், கத்தரி வற்றலும், சுண்டை வற்றலும், மாங்காய் வற்றலும் இந்த ஏற்பாட்டின் பயனாகவே வந்தவை. தக்காளியையும் இதில் சேர்க்கலாம். விலை சரிந்த வாரத்தில் பறிப்புக் கூலிகூடக் கட்டவில்லை என்று சாலையோரத்தில் கொட்டுகிறோம்; சில மாதங்கள் கழித்து அதே தக்காளியை அரைக் கிலோ அரைக் கிலோவாக விலை கேட்டு மலைக்கிறோம். கொட்டுவதற்கு முன் இரண்டு கூடையைக் கீறி, உப்புப் பிசறி, துணி விரித்து மூன்று நான்கு நாள் நன்றாகக் காயவைத்தால் மழைக்காலக் குழம்புக்கு ஆகும்.

மளிகைச் சாமான்களுக்கும் ஒரு பருவம் உண்டு. புளி மாசி முதல் சித்திரைக்குள் உலுக்கப்படுகிறது. மிளகாயும் ஏறத்தாழ அந்த மாதங்களிலேயே வரத்தாகிறது. கொத்தமல்லி விதை தையிலிருந்து சந்தைக்கு வருகிறது. உளுந்தும் துவரையும் தை முதல் பங்குனி வரை. அப்போது ஆண்டுக்கு வேண்டியதை வாங்குவோருக்கு ஒரு விலை. ஐப்பசி மழையில் நூறு கிராம் வாங்குவோருக்கு வேறு விலை. கடையில் 20 கிராம் மசாலைப் பொட்டலம் 10 ரூபாய் என்றால் அது மலிவாகத் தோன்றும். கிலோ 500 ரூபாய் என்று கணக்கிட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். பொட்டலத்தின் மேல் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என விதி இருக்கிறது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை அதைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அது நல்ல கணக்குப் பாடம்.

மொத்தமாக வாங்கப் பணம் வேண்டுமே என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். இதற்கு மகளிர் குழுக்களையே நாம் நம்புகிறோம். நம் மாநிலத்தில் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டன. இன்று குழு இல்லாத சிற்றூர் அரிது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து பங்குனியில் ஒரு மூட்டை மிளகாயும் ஒரு மூட்டை புளியும் வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் மொத்த விலை கிடைக்கும். வண்டிக் கூலியும் பத்தாகப் பிரியும். குழுக் கடனைச் சடங்குக்கும் சீருக்கும் எடுப்பதைவிட இதற்கு எடுப்பது எவ்வளவோ மேல்.

கடைக் கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழை பொய்த்த மாதத்தில் நம் வீட்டு உலையை எரியவிட்டவர் பெரும்பாலும் ஊர் மளிகைக் கடைக்காரரே. அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கணக்கு கணக்குத்தான். ரொக்கத்துக்கு 100 ரூபாயாக உள்ள சாமானைக் கடனுக்கு 104 ரூபாய் என்று எழுதி, பதினைந்து நாளில் தீர்ப்பதாக வைத்துக்கொள்வோம். பதினைந்து நாளைக்கு 4 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 96 சதவீத வட்டி. வட்டியில்லாப் பயிர்க்கடனுக்காகக் கூட்டுறவுச் சங்க வாசலில் அரை நாள் வரிசையில் நிற்கும் நாம், 96 சதவீத வட்டியைக் கேள்வி கேட்காமல் கட்டி வருகிறோம். அறுவடைப் பணம் வந்தவுடன் முதலில் இந்தக் கணக்கைத் தீர்த்து, அடுத்த மாதச் சாமானை ரொக்கத்துக்கு வாங்கும் நிலைக்கு ஒருமுறை வந்துவிட்டால் போதும். பிறகு ஒவ்வொரு மாதமும் அந்த 4 ரூபாய் நம்முடையது.

வாங்கிய பயறு கெடாமல் இருக்க வேண்டும். பலர் பயற்று வண்டு பானையில் பிறப்பதாக எண்ணுகின்றனர். அது கழனியிலேயே நெற்றின்மீது முட்டையிட்டுப் பயறுடன் வீட்டுக்கு வருகிறது. ஆதலின் அறுத்து அடித்தவுடன் காயவைப்பதே முதற்காவல். பல்லில் கடித்தால் நறுக்கென்று உடையும் வரை காயவைத்து, சூடு ஆறிய பின்பே தகரத்தில் போட்டு இறுக மூடவேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். முழுப் பயறாக வைப்பதைவிட உடைத்துப் பருப்பாக வைத்தால் வண்டு தொல்லை குறையும். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்து உடைக்கும் பழைய முறை இன்றும் கைவிடத் தக்கதன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் வடிவமைத்த குழாய் வடிவப் பூச்சிப் பொறி ஒன்றும் உண்டு. அதைத் தானியத்துள் செருகிவைத்தால் வண்டு அதில் விழுந்து அகப்பட்டுக் கொள்ளும். வண்டு வந்துவிட்டதா என்று முன்கூட்டியே அறியவும் அது உதவும்.

மணிலாக்கொட்டையைப் பற்றி, அதாவது நம் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் பயிரைப் பற்றி, சற்று அழுத்தமாகவே பேச விரும்புகிறோம். களத்தில் வியாபாரி காயைக் கையில் அள்ளிப் பார்க்கிறார். கறுத்ததையும், சுருங்கியதையும், பூஞ்சணம் பிடித்ததையும் கழித்துப் போடுகிறார். கழித்த காயை என்ன செய்கிறோம்? வீணாக்குவானேன் என்று வீட்டுக்கு எடுத்துச் செல்கிறோம். வறுத்துச் சட்னி அரைக்கிறோம்; மிஞ்சியதை மாட்டுக்கு வைக்கிறோம். இதைவிடக் கேடான சிக்கனம் இல்லை. பூஞ்சணம் பிடித்த மணிலாவில் அஃப்ளடாக்சின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முற்றிலும் அழிவதில்லை. அது கல்லீரலைக் கெடுப்பது. நாள்பட உண்டால் கல்லீரற் புற்றுக்கும் இடமளிப்பது. மாட்டுக்கு வைத்தால் பாலின் வழியாக மீண்டும் நம் பிள்ளைகளிடமே வந்து சேர்கிறது. நல்ல காயை ஊராருக்கு விற்று, நஞ்சை நம் வீட்டுக்கு வைத்துக்கொள்வது என்ன நியாயம்? விற்பதற்கு முன்பே வீட்டுக்கு வேண்டிய நல்ல காயை எடுத்து வைத்துவிடுங்கள். மணிலாவில் நான்கில் ஒரு பங்கு புரதம் இருக்கிறது. வெல்லம் சேர்த்து இடித்த ஓர் உருண்டை, பிள்ளைக்குப் பொட்டலத் தின்பண்டம் எதனினும் மேலானது.

அடுத்து, அடுப்பில் நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு சாதனம். இதற்கு விலை இல்லை. வைக்கோலும் ஒரு கூடையும் போதும். பானையைவிடச் சுற்றிலும் ஒரு சாண் அகலமான மூங்கிற்கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த வைக்கோலை அடியில் ஒரு சாண் உயரத்துக்கு நெருக்கமாகத் திணியுங்கள். நடுவில் பானை அமரும் அளவுக்குக் குழி விட்டுச் சுற்றிலும் வைக்கோலை அடைத்து, உட்புறம் ஒரு பழைய துணியை விரியுங்கள். ஒரு சாக்குப் பையில் வைக்கோலை அடைத்துத் தலையணைபோல் தைத்துக் கொண்டால் அதுவே மூடி. ஊறவைத்த அரிசியை உலையிலிட்டு, நன்றாகக் கொதிக்கத் தொடங்கிய பின் பத்து நிமிடம் அடுப்பில் வைத்து, மூடியைத் திறவாமல் அப்படியே தூக்கிக் கூடையில் இறக்கி மூடிவிட வேண்டும். உள்ளிருக்கும் சூட்டிலேயே ஒன்றரை மணி நேரத்தில் சோறு பதமாகிவிடும். புழுங்கலரிசிக்குச் சற்றுக் கூடும், பச்சரிசிக்குக் குறையும். இரண்டு முறை செய்து பார்த்தால் அவரவர் வீட்டுக் கணக்குப் பிடிபடும். ஊறிய பருப்பானால் அடுப்பில் கால் மணி நேரம் கொதித்தாக வேண்டும். எரிபொருள் மிச்சமாவது ஒருபுறம் இருக்க, அந்த ஒன்றரை மணி நேரமும் பானையை யாரும் கிளறவோ காக்கவோ வேண்டியதில்லை. பால் கறந்து திரும்பும்போது சோறு ஆகியிருக்கும்.

இதில் மூன்று எச்சரிக்கைகள். விறகடுப்பிலிருந்து எடுக்கும் பானையின் அடியில் கங்கு ஒட்டியிருந்தால் வைக்கோல் பற்றிக்கொள்ளும்; ஈரத்துணியால் அடியைத் துடைத்த பின்பே கூடையில் வைக்க வேண்டும். பானை முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும், கால் பானைச் சோற்றுக்குச் சூடு நில்லாது. காலையில் வைத்ததை மாலை வரை கூடையிலேயே விட்டு வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான நிலையில் கிருமிகள் பெருகும். ஆறிப்போயிருந்தால் மீண்டும் கொதிக்கவைத்தே உண்ணவேண்டும்.

சிறு செய்திகள் சில. கொண்டைக் கடலை, மொச்சை, காராமணி ஆகியவற்றை இரவே ஊறவைத்தால் காலையில் வேகும் நேரம் பெரிதும் குறையும். பருப்பு வெந்த பிறகே புளி கரைத்து ஊற்றவேண்டும். முன்பே ஊற்றினால் பருப்பு வேக மறுக்கும். கஞ்சியை வடித்துக் கொட்டுவது வைட்டமின்களை வடித்துக் கொட்டுவதாகும்; அளவாக நீர் வைத்துப் பொங்குங்கள், அல்லது கஞ்சியில் உப்பிட்டுக் குடித்துவிடுங்கள். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, நிழலில் உலர்த்திய முருங்கையிலைப் பொடி இவற்றில் இரண்டேனும் வீட்டில் இருந்தால் குழம்பு வைக்க நேரமில்லாத நாளில் கடைக்கு ஓடவேண்டியதில்லை. இரவு மிஞ்சிய சோற்றில் நல்ல நீர் ஊற்றி வைத்துக் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து உண்ட பழக்கம் இன்று ஏழ்மையின் அடையாளமாகக் கருதப்படுவது வருந்தத்தக்கது. அடுப்பே மூட்டாமல் ஒரு வேளை உணவு தயாராவது நடவு நாளில் எவ்வளவு பெரிய உதவி!

மாவு விஷயத்தில் நமக்கு இரண்டு எண்ணங்கள் உண்டு. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் நம் வீடுகள் பலவற்றுக்கு அரசே மாவரைக்கும் இயந்திரம் வழங்கியது. ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் அரைத்தால் ஏறத்தாழ மூன்று கிலோ மாவு காணும். அரிசி விலையில்லாதது என்பதால் உளுந்துக்கும் மின்சாரத்துக்கும் மட்டுமே செலவு. பொட்டலத்தில் அதே மூன்று கிலோவுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். அதில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதையும் மறவாதீர்கள். ஆயினும், நடவு வாரத்தில் ஒரு நாள் ஒரு தாய் பொட்டல மாவு வாங்கினால் அதைக் குற்றமாகப் பேசக்கூடாது. இரவு ஒன்பது மணிக்கு உளுந்து கழுவி அரைக்க வீட்டிலுள்ள ஆடவருக்குக் கை இருக்கிறது அன்றோ? அதைப் பேசாமல் மாவைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது.

இதுவரை குறைப்பதைப் பற்றிப் பேசினோம். குறைக்கவே கூடாத இடம் ஒன்று இருக்கிறது. இன்றைய பேச்சில் இதையே நாம் மிக முக்கியமாகக் கருதுகிறோம். வீட்டில் செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன் முதலில் குறைவது எது? பருப்பு நீர்க்கிறது. பால் முழுவதும் சங்கத்துக்குப் போகிறது. முட்டை ஆண்பிள்ளைக்கு மட்டும் என்றாகிறது. எல்லோரும் உண்டபின் உண்ணும் தாயின் தட்டில் சோறும் ரசமும் எஞ்சுகின்றன. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். இருவரில் ஒருவருக்கு மேல்! நடவு வரிசையில் பத்துப் பெண்கள் குனிந்து நிற்பதைப் பார்க்கும்போது, அவர்களில் ஐந்து பேருக்கு மூச்சு வாங்குவது வெயிலால் மட்டும் அன்று என்று அறியவேண்டும். பெண்ணின் தட்டிலிருந்து எடுத்த காசை மிச்சம் என்று எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. அது பின்னர் மருத்துவச் செலவாகவும், இழந்த கூலியாகவும் திரும்பி வரும்.

பருப்பைக் கணக்கிடுவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 85 கிராம் பருப்பு வகைகளைச் சொல்கிறது. நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 10 கிலோ. நியாயவிலைக் கடையில் அட்டைக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நல்ல உதவி, தவறாமல் வாங்க வேண்டும். ஆனால் நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 8 கிராம்தான். மீதியை வெளிக்கடையில் வாங்கும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? இதற்கு விடை கடையில் இல்லை, வரப்பில் இருக்கிறது.

ஒரு ஏக்கர் சதுரமான கழனியின் சுற்றளவு 800 அடிக்கு மேல். வரப்போரம் இரண்டடிக்கு ஒன்றாகத் துவரை ஊன்றினால் 400 செடிகள். செடிக்கு 50 கிராம் என்று குறைவாகவே வைத்தாலும் 20 கிலோ துவரை. உடைத்தெடுத்தால் 14 கிலோ அளவுக்குப் பருப்பு. ஆடியில் ஊன்றுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். இதற்கென்று தனி உழவோ, தனி நிலமோ வேண்டாம். நீர் தேங்கும் இடம் துவரைக்கு ஆகாது என்பதால் உயர்ந்த வரப்பே அதற்கு ஏற்றது. மானாவாரி மணிலாவில் ஊடுபயிராகவும் போடலாம். நம் தந்தையார் காலத்தில் துவரையில்லாத மணிலாக் கொல்லையைக் காண்பது அரிதாயிருந்தது. வேரில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும் பயிர் என்பதால் மண்ணுக்கும் நன்மை. காய்ந்த மிளார் அடுப்புக்கு ஆகும்.

வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்று எல்லாக் கூட்டங்களிலும் சொல்கிறார்கள். நாமும் சொல்கிறோம், ஆனால் நேரமில்லாத வீட்டுக்கு எது ஏற்றது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தக்காளிச் செடி நாள்தோறும் கவனிப்புக் கேட்கும். முருங்கை, பப்பாளி, அகத்தி, கறிவேப்பிலை ஆகியவை ஒருமுறை பிழைத்துவிட்டால் நம்மைத் தேடுவதில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை விதையிட்ட ஆறு மாதத்திலேயே காய்க்கத் தொடங்கும். பாத்திரம் கழுவும் நீர் பாயும் இடத்தில் ஒன்றும், குளியல் நீர் பாயும் இடத்தில் ஒன்றுமாக நட்டால் வாரம் இருமுறை கீரைக்குக் குறைவில்லை. இரத்தசோகைக்கு முருங்கைக் கீரையைவிட எளிதில் கிட்டக் கூடியது நம் கொல்லையில் வேறென்ன இருக்கிறது? ஆனால் முதல் ஆறு மாதம் ஆட்டிடமிருந்து அதைக் காப்பாற்றியாக வேண்டும். கேழ்வரகையும் மறவாதீர்கள். அதில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஒரு வேளை கூழுக்கு ஆகும் செலவு ஒரு கோப்பைக் கடைத் தேநீருக்கு ஆவதைவிடக் குறைவு.

கடைசியாக, ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடியவை. நியாயவிலைக் கடை திறந்திருக்கும் நேரம், கூலிக்குச் செல்வோர் கழனியில் இருக்கும் நேரமாகவே பல ஊர்களில் அமைந்துவிடுகிறது. விலையில்லா 20 கிலோ அரிசியைப் பெற அரை நாள் கூலியை இழக்க வேண்டியிருந்தால் அந்த அரிசிக்கு விலை இல்லையென்று எப்படிச் சொல்வது? நடவு, அறுவடை மாதங்களிலாவது இந்தச் சிற்றூருக்கு இந்த நாளில் மாலை நேரம் என்று ஒழுங்கு செய்யுமாறு கூட்டுறவுத் துறையையும் வட்ட வழங்கல் அலுவலரையும் தீர்மானத்தின் மூலம் கேட்கலாம். சாமான் வந்த செய்தியை ஒலிபெருக்கியில் அறிவித்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நடை மிச்சம்.

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இப்பொழுது நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடைபெறுகிறது. எட்டு மணிக்கு வரப்புக்குப் போகும் தாய்க்கு இதைவிடப் பெரிய நேரக்கொடை கிடையாது. உணவு குறித்த நேரத்தில் பரிமாறப்படுகிறதா, ருசியாக இருக்கிறதா என்று உறுப்பினர்கள் வாரம் ஒரு நாளாவது பந்தியில் அமர்ந்து உண்டு பார்க்க வேண்டும். ஏட்டில் கையெழுத்திட்டுத் திரும்புவதைச் சோதனை என்று சொல்வதற்கில்லை. அங்கன்வாடியில் கருவுற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் தரப்படும் சத்துமாவு வாங்காமல் விடப்படுகிறதா, வாங்கி மாட்டுத் தொட்டிக்குப் போகிறதா என்பதையும் அப்படியே பார்க்கலாம்.

வரவிருக்கும் கிராம சபைக் கூட்டத்துக்கு ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டில் மூன்று செய்திகளைக் குறித்துக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். நியாயவிலைக் கடைக்குச் செல்ல நேரம் இல்லாததால் சென்ற மாதம் பருப்பும் பாமாயிலும் வாங்காமல் விட்ட வீடுகள் எத்தனை. பங்குனியில் சேர்ந்து மிளகாய், புளி வாங்க முன்வரும் குழுக்கள் எவை. ஆடியில் வரப்புத் துவரைக்கு விதை கேட்போர் யார் யார். மூன்றாவது பட்டியலை வேளாண்மை உதவி அலுவலரிடம் ஆனி மாதத்திலேயே கொடுத்தாக வேண்டும். ஆடி பிறந்த பின் கொடுத்தால் விதை வந்து சேரும்போது பட்டம் தவறிவிடும். வைக்கோற்கூடை ஒன்று பின்வரிசையில் மேசைமீது வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கூட்டம் தொடங்கும் முன் கொதித்து இறக்கிய உலையை அதில் வைத்திருக்கிறோம். பேச்சு சற்று நீண்டுவிட்டபடியால் இந்நேரம் சோறு வெந்திருக்கும். தாய்மார்கள் முதலில் வந்து திறந்து பார்க்கலாம்.